பதினாறு வருஷ மேசை: மியசாகி எப்படி இயக்குநர் ஆனார்?

கேள்வி வியாசர்பாடியிலிருந்து வந்தது. கேட்டவர் ஒரு அப்பா. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: "மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் முடித்திருக்கிறாள். போன வருஷம் எல்லாரும் கல்யாண போட்டோவை 'கிப்லி' படமாக மாற்றிப் போட்டார்களே, அப்போது பிடித்தது. அந்த ஸ்டூடியோ படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறாள். அனிமேஷன் டைரக்டர் ஆகப்போகிறேன் என்கிறாள். யார் இந்த மியசாகி? ஓவியக் கல்லூரியில் படித்தவரா? பணக்கார வீட்டுப் பிள்ளையா? காமர்ஸ் படித்த பெண் அந்தப் பக்கம் போக முடியுமா? லைட் பாக்ஸ் வேண்டுமாம், எவ்வளவு ஆகும்?"

லைட் பாக்ஸுக்கு, அதாவது அடியில் வெளிச்சம் வைத்துத் தாள் மேல் தாள் போட்டு வரைகிற பெட்டிக்கு, கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் என்னைப் பற்றி ரெண்டு வரி. நான் பெரம்பூர் அகரத்துக்காரன். 1999-லிருந்து ஒன்பது வருஷம் சென்னையில் ரெண்டு அனிமேஷன் ஸ்டூடியோக்களில் இன்பிட்வீனராக, அதாவது முக்கியப் படங்களுக்கு நடுவில் வரும் படங்களை வரைகிறவனாக, இருந்தேன். இப்போது விளம்பரப் படங்களுக்கு ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாகப் படம் போட்டுக் காட்டுவது) வரைகிறேன், ஞாயிற்றுக்கிழமை பசங்களுக்கு டிராயிங் சொல்லித் தருகிறேன். டைரக்டர் ஆகவில்லை. ஆகாதவன் சொல்கிற பதில் இது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹயாவோ மியசாகி ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர், ஸ்டூடியோ கிப்லியைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஓவியக் கல்லூரியில் படிக்கவில்லை. தோக்கியோவில் கக்குஷுயின் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது அரசியலும் பொருளாதாரமும். 1963-ல் பட்டம் வாங்கினார். அதாவது உங்கள் மகளின் காமர்ஸுக்கு அக்கம்பக்கத்துப் படிப்புதான். அங்கே காமிக்ஸ் வரைகிறவர்களுக்கென்று சங்கம் எதுவும் இல்லாததால், இருப்பதில் நெருக்கமானது என்று குழந்தை இலக்கியச் சங்கத்தில் சேர்ந்துகொண்டார். படித்த கதைகள் பிற்பாடு உதவின. பட்டம் உதவியதாகத் தெரியவில்லை.

பணக்கார வீடா என்றால், ஆமாம் என்றே சொல்ல வேண்டும். 1941 ஜனவரி 5-ல் பிறந்தார். அப்பாவும் பெரியப்பாவும் விமான உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ஓட்டிய ஜீரோ போர் விமானத்துக்கு வால் பக்கத்துச் சுக்கான் அங்கேதான் தயாரானது. போர் நடக்க நடக்க வீட்டில் காசு வந்தது. இது அவர் மனசில் ஒரு முள்ளாகவே இருந்திருக்கிறது. குடும்பம் தோக்கியோவை விட்டு உத்சுனோமியாவுக்குப் போனது, 1945 ஜூலையில் அந்த ஊர் மீதும் குண்டு விழுந்தது. அப்போது அவருக்கு நாலு வயசு. வீட்டில் வண்டி இருந்ததால் தப்பினார்கள். குழந்தையோடு நின்ற ஒருவர் எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்ச, வண்டி நிற்காமல் போய்விட்டதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விமானம் என்றால் உயிர், போர் என்றால் வெறுப்பு. அவர் படம் நெடுக இந்த ரெண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவது இங்கிருந்து வருகிறது.

அப்புறம் அம்மா. போர் முடிந்து ரெண்டு வருஷத்தில் அம்மாவுக்கு முதுகெலும்பில் டி.பி. வந்தது. ஆஸ்பத்திரியும் வீட்டுப் படுக்கையுமாக எட்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. நம் பக்கத்தில் 'ஒட்டேரி ஆஸ்பத்திரி' (டி.பி. ஆஸ்பத்திரி) என்று யாராவது குரலைத் தாழ்த்திச் சொன்னால் ஒரு தலைமுறைக்கே அர்த்தம் புரியும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு 'அம்மா எப்போ வருவாங்க' என்ற கேள்வி எப்படிப்பட்டது என்றும் தெரியும். 'என் பக்கத்து வீட்டு டோட்டோரோ' (1988) பார்த்தீர்களானால், அந்த ரெண்டு பெண் குழந்தைகளும் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். பூதமும் பூனைப் பேருந்தும் மேல்பூச்சுதான். அடியில் இருப்பது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒரு அம்மா.

சின்ன வயசில் காமிக்ஸ்காரர் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. வரைந்ததைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒசாமு தெசுகா மாதிரியே இருக்கிறது என்றார்கள். தெசுகா அங்கே காமிக்ஸ் உலகின் கடவுள். பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாமல், அதுவரை வரைந்ததை எல்லாம் அழித்துவிட்டார். பள்ளிக் கடைசி வருஷம் பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தில் 'வெண்பாம்பின் கதை' என்ற படத்துக்குப் போனார். 1958-ல் வந்த அது ஜப்பானின் முதல் வண்ண முழுநீள அனிமேஷன். ஒரு பாம்பு பெண்ணாகி ஒரு பையனைக் காதலிக்கும் சீனப் பழங்கதை. நம் ஆட்களுக்குப் பாம்புப் பெண் கதையை விளக்க வேண்டியதில்லை, தியேட்டரில் சாமி வந்து ஆடுகிற அளவுக்குப் பழக்கம். மியசாகி கதாநாயகி மீதே காதலில் விழுந்துவிட்டார். அந்தப் படத்தை எடுத்த தோயே கம்பெனியில்தான் 1963 ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 19,500 யென், தங்கியிருந்த சின்ன அறைக்கு வாடகை 6,000 யென். வேலை இன்பிட்வீனர்.

இந்த வேலையைக் கொஞ்சம் விளக்குகிறேன். இது புரியாமல் அவரைப் பற்றி எவ்வளவு படித்தாலும் 'மேதை' என்ற ஒரு வார்த்தைதான் மிஞ்சும்.

திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம் ஓடும். ஒரு படத்தை ரெண்டு பிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம் வரைய வேண்டும், மூன்று பிரேமுக்கு நிறுத்தினால் 8 போதும். ஒருவர் நாற்காலியிலிருந்து எழுகிறார் என்று வையுங்கள். உட்கார்ந்த நிலை, முன்னால் சாய்ந்த நிலை, நின்ற நிலை என்ற முக்கியப் படங்களைச் சீனியர் வரைவார். அதற்குக் 'கீ' என்று பெயர். நடுவில் வரும் மற்றதெல்லாம் இன்பிட்வீனர் தலையில். தாளின் ஓரத்தில் சீனியர் ஒரு கோடு போட்டு, அதில் எந்த இடத்தில் படம் நெருக்கமாக, எந்த இடத்தில் விலகலாக என்று குறித்திருப்பார். அதைப் பார்த்து, லைட் பாக்ஸ் மேல் ரெண்டு கீயையும் அடுக்கி, மேலே வெள்ளைத் தாள் வைத்து நடுவிலுள்ளதைக் கண்டுபிடிக்க வேண்டும். இடது கை விரல் இடுக்குகளில் தாள்களை மாட்டிக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்ப்போம். ரெண்டு மாசத்தில் விரலிடுக்கு காய்த்துப்போகும்.

நான் சேர்ந்த முதல் வாரம் எனக்கு வந்தது, ஒரு கிழவி குடத்தை இடுப்பிலிருந்து எடுத்துத் திண்ணையில் வைக்கும் காட்சி. ரெண்டு கீ, நடுவில் ஐந்து படம். சுலபம் என்று அளந்து சரியாக நடுவில், அதற்கு நடுவில் என்று போட்டுக் கொடுத்தேன். சூப்பர்வைசர் ஒருமுறை புரட்டினார். "குடத்துல தண்ணி இல்லியா?" என்றார். அவ்வளவுதான், கட்டு திரும்பி வந்தது. கனமான குடம் நேர்கோட்டில் நகராது. முதலில் உடம்பு எதிர்ப்பக்கம் சாயும், முழங்கால் மடங்கும், குடம் கீழே ஒரு வளைவு போட்டுத்தான் மேலே வரும். வைத்த பிறகும் கை ஒரு கணம் விடாது. இத்தனைக்கும் எங்கள் தெருவில் மெட்ரோ தண்ணி லாரி வந்தால் நூறு குடம் பார்த்து வளர்ந்தவன் நான். பார்த்திருந்தேன், கவனித்ததில்லை. அன்றைக்குச் சாயந்தரம் வீட்டுக்குப் போய் அம்மாவை நாலு முறை குடத்தைத் தூக்கி வைக்கச் சொன்னேன். திட்டிக்கொண்டே செய்தார்.

மியசாகி இந்த வேலையில் உட்கார்ந்தபோது அவருக்கு 22 வயசு. முதல் சினிமாவை இயக்கியபோது 38. நடுவில் பதினாறு வருஷம். உங்கள் மகளிடம் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இந்த ஒரு கணக்கைச் சொல்லுங்கள்.

அந்தப் பதினாறு வருஷத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1965-ல் கலிவர் கதையை விண்வெளிக்குக் கொண்டுபோய் ஒரு படம் எடுத்தார்கள். அதில் இவர் கடைநிலை இன்பிட்வீனர். கதைப்படி கடைசியில் ஒரு ரோபோ இளவரசி வருவாள். இவர் எழுந்து போய், அந்த ரோபோ உடல் உடைந்து உள்ளேயிருந்து உண்மையான மனிதப் பெண் வெளிப்பட்டால் எப்படி என்று சொன்னார். ஏற்றுக்கொண்டார்கள், அவரையே அந்த இடத்தை வரையவும் வைத்தார்கள். ஒரு ஷாட் மாறியதும் முழுப் படத்தின் அர்த்தமே மாறிவிட்டது. நான் இருந்த இடத்தில் இன்பிட்வீனர் கதை பற்றிப் பேசினால் "உன் படத்தை முடிச்சிட்டியா?" என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கதை வெளிநாட்டில் எப்போதோ முடிவாகி, எங்களுக்கு வந்தது தாள் கட்டு மட்டும்தான்.

வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருஷமே அவர் தொழிற்சங்கச் செயலாளர் ஆனார். இதை மேலோட்டமாகச் சொல்லிவிட்டு எல்லாரும் அடுத்த படத்துக்குத் தாவிவிடுவார்கள், நான் தாவப்போவதில்லை. நாம் இருப்பது பெரம்பூர், புளியந்தோப்பு. பின்னி மில் தொழிலாளிகளை வைத்து 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த மண். பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய இடங்களைக் கடந்துதான் இன்றைக்கும் பஸ் போகிறது. என் அப்பா மில்காரர், 1996-ல் மில் மூடும்வரை. சங்கத்தில் கையெழுத்து போட்டவர்கள் எப்படி ஒருவரை ஒருவர் கண்டுகொள்வார்கள் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மியசாகிக்கும் அதுதான் நடந்தது. சங்கத்தில் துணைத் தலைவராக இருந்தவர் இசாவோ தகஹாதா. ஐந்து வயசு மூத்தவர், படம் வரையத் தெரியாதவர், ஆனால் படம் என்றால் என்ன என்று தெரிந்தவர். சங்க மேடையில் பிடித்த கை, ஐம்பது வருஷத்துக்கு மேல் விடவில்லை.

இந்தக் கூட்டணி எடுத்த முதல் படம் 'ஹோல்ஸ்', 1968. தகஹாதாவுக்கு இயக்குநராக முதல் படம். அதில் கம்பெனியின் மேல்-கீழ் வரிசையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம் என்று வைத்தார்கள். மியசாகி பக்கம் பக்கமாக வரைந்து சுவரில் ஒட்டினார், 'காட்சி வடிவமைப்பு' என்று அவருக்காக ஒரு பட்டமே உண்டானது. கதையிலும் ஒரு கிராமமே சேர்ந்து நின்றுதான் எதிரியை ஜெயிக்கிறது. கம்பெனிக்கு இதெல்லாம் ரசிக்கவில்லை. படம் மூன்று வருஷம் இழுத்தது, தியேட்டரில் பத்து நாள்தான் ஓடியது. தகஹாதாவுக்குத் தோயேவில் அப்புறம் முழுநீளப் படம் இயக்கும் வாய்ப்பே இல்லை.

1971-ல் இருவரும் வெளியே வந்தார்கள். 'பிப்பி நீள்காலுறை' கதையை எடுக்க ஆசைப்பட்டு ஸ்வீடனுக்கே போனார் மியசாகி. எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் அனுமதி தரவில்லை. ஆனால் அங்கே பார்த்த தெருக்கள் பதினெட்டு வருஷம் கழித்து 'கிக்கி' படத்தின் ஊராக வந்து நின்றன. 1974-ல் டி.வி.க்கு 'ஹைடி', வாரம் ஒன்றாக ஐம்பத்திரண்டு வாரம். தகஹாதா இயக்க, ஒவ்வொரு வாரமும் எல்லா ஷாட்டுக்கும் லேஅவுட் போட்டது மியசாகி. லேஅவுட் என்றால் ஆள் எங்கே நிற்கிறார், பின்னால் மலை எங்கே, கேமரா எந்த உயரம் என்று முடிவு செய்கிற வேலை. ஒரு வருஷம் தூக்கமில்லாமல் இதைச் செய்தவனுக்கு இயக்கம் தனியாகக் கற்க என்ன இருக்கிறது? 1978-ல் 'எதிர்காலச் சிறுவன் கோனன்' என்ற 26 வாரத் தொடரை இயக்கினார். 1979-ல் முதல் சினிமா, 'காக்லியோஸ்த்ரோவின் கோட்டை', சில மாதங்களில் அவசரம் அவசரமாக எடுத்தது. இன்றைக்கு அதைக் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு ஓடவில்லை.

ஓடாத படத்தின் இயக்குநருக்கு எந்த ஊரிலும் ஒரே மரியாதைதான். இவர் கொண்டுபோன கதைகளை, 'இது காமிக்ஸாக வந்து ஜெயித்த கதை இல்லையே' என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, காமிக்ஸாகவே வரைகிறேன் என்று 1982-ல் ஒரு பத்திரிகையில் 'நௌசிகா'வை ஆரம்பித்தார். அந்தப் பத்திரிகையில் ஆசிரியர் குழுவில் இருந்தவர் தோஷியோ சுசுகி, பிற்பாடு கிப்லியின் தயாரிப்பாளர். காமிக்ஸ் பிடித்துப்போனதும் 1984-ல் அதுவே படமானது. தயாரிப்பாளர் பொறுப்பைத் தகஹாதா ஏற்றார். அது ஓடிய தைரியத்தில் 1985 ஜூனில் ஸ்டூடியோ கிப்லி பிறந்தது. அப்போது மியசாகிக்கு 44 வயசு.

இதற்குப் பிந்தைய பட்டியலை எங்கே தேடினாலும் கிடைக்கும். 1986 'வானக் கோட்டை', 1988 'டோட்டோரோ', 1989 'கிக்கி', 1992 'போர்க்கோ ரோஸோ', 1997 'மோனோனோகே', 2001 'ஸ்பிரிட்டட் அவே', 2004 'ஹௌல்', 2008 'போன்யோ', 2013 'காற்று எழுகிறது', 2023 'சிறுவனும் நாரையும்'. 'ஸ்பிரிட்டட் அவே' பெர்லினில் தங்கக் கரடியும், 2003-ல் ஆஸ்கரும் வாங்கியது. ஜப்பானில் 3,000 கோடி யென்னுக்கு மேல் வசூல். பரிசு வாங்க அமெரிக்கா போகவில்லை. ஈராக் மீது குண்டு போடுகிற நாட்டுக்குப் போக மனமில்லை என்று சில வருஷம் கழித்துக் காரணம் சொன்னார். 'சிறுவனும் நாரையும்' 2024-ல் ரெண்டாவது ஆஸ்கரைக் கொண்டுவந்தபோது அவருக்கு 83 வயசு. அதற்கும் போகவில்லை.

பட்டியலை விட, அந்தப் படங்களில் எல்லாரும் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். 'கிக்கி' வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோகிற பெண். 'போர்க்கோ'வில் உடைந்த விமானத்தைக் கட்டுவது ஒரு பட்டறை நிறையப் பெண்கள். 'மோனோனோகே'யில் பாட்டுப் பாடிக்கொண்டே துருத்தி மிதிக்கிற இரும்பாலைப் பெண்கள். 'ஸ்பிரிட்டட் அவே'யில் பத்து வயசுப் பெண் பேய்களின் குளியல் விடுதியில் மாட்டிக்கொள்கிறாள். உயிர் பிழைக்க அவளுக்குச் சொல்லப்படும் ஒரே வழி, 'வேலை கொடுங்கள்' என்று கேட்டுக்கொண்டே இருப்பது. மந்திரம் தந்திரம் எதுவும் இல்லை. அவள் தரையை எப்படித் துடைக்கிறாள், கரியை எப்படிச் சுமக்கிறாள் என்று பாருங்கள். ஒரு துண்டுக் கரிக்கு இவ்வளவு கனமா என்று நமக்கே முதுகு வலிக்கும். 'வானக் கோட்டை'க்காக அவர் வேல்ஸ் போனது, 1984-85-ல் அங்கே சுரங்கத் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தம் நடந்த காலத்தையொட்டி. அவர்கள் கடைசி வரை போராடியது தன்னைப் பாதித்தது என்று சொல்லியிருக்கிறார். அந்தப் படத்துச் சுரங்க ஊரை மில்லு மூடின வருஷத்துப் பெரம்பூர்க்காரன் பார்த்தால் தெருவை அடையாளம் கண்டுகொள்வான். நான் கண்டுகொண்டேன்.

அவர் வேலை செய்கிற முறை விசித்திரமானது, பின்பற்றச் சொல்ல மாட்டேன். திரைக்கதை எழுதுவதில்லை. நேராக ஸ்டோரிபோர்டு வரைய ஆரம்பிப்பார். பாதி வரைந்திருக்கும்போதே கீழே அனிமேட்டர்கள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். கதை எப்படி முடியும் என்று அவருக்கே அப்போது தெரியாது. வரைந்து வருவதை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் தானே திருத்துவார். 'மோனோனோகே'யின் 1,44,000 சொச்சம் படங்களில் சுமார் 80,000 படங்களில் அவர் கைபட்ட திருத்தம் இருக்கிறது என்பார்கள். 'போன்யோ'வின் கடலைக் கம்ப்யூட்டரில் விடாமல் பென்சிலிலேயே வரைந்தார்கள், மொத்தம் 1,70,000 படம். காசிமேட்டில் ஐப்பசி மாசம் கல்லுக்கு மேல் அலை ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கடல் பொம்மைக் கடல் மாதிரி இருந்தாலும் அதன் கனம் பொய் இல்லை என்று தெரியும். 'சிறுவனும் நாரையும்' எடுக்கும்போது 60 அனிமேட்டர்கள் உட்கார்ந்து மாசத்துக்கு ஒரு நிமிஷப் படம்தான் முடிந்தது என்று சுசுகி சொன்னார்.

பெண் பிள்ளையின் அப்பா கேட்கிறீர்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும். மியசாகியின் மனைவி அகெமி ஓத்தாவும் தோயேவில் அனிமேட்டர்தான், அவருக்கு முன்பே அங்கே இருந்தவர். 1965-ல் கல்யாணம். ரெண்டு பேரும் வேலையைத் தொடரலாம் என்றுதான் பேச்சு. ரெண்டாவது பிள்ளைக்குப் பிறகு வேலையை விட்டது அந்த அம்மா. மியசாகி வீட்டுக்கு வந்த நேரத்தை விட மேசையில் இருந்த நேரம்தான் அதிகம். மகன் கோரோ 2006-ல் தன் முதல் படத்தை இயக்கியபோது அப்பாவுக்கு அதில் சம்மதமே இல்லை. ஊரறியச் சங்கடமானது. சங்கச் செயலாளராக இருந்தவர் முதலாளி இடத்துக்கு வந்தபோது பாதி நல்லது செய்தார். துண்டுக் கணக்கில் கூலி வாங்கிய அனிமேட்டர்களை 1989-லிருந்து மாதச் சம்பளத்துக்கு எடுத்தது கிப்லி, அந்தத் தொழிலில் அது பெரிய விஷயம். ஆனால் அங்கே வேலையின் சுமை ஆட்களைத் தின்றது என்பதும் உண்மை. அடுத்த வாரிசு என்று எல்லாரும் நினைத்த யோஷிஃபுமி கொண்டோ 1998-ல் 47 வயசில் இறந்துபோனார். அதிக வேலைதான் காரணம் என்று பலரும் நம்பினார்கள். அதன் பிறகுதான் மியசாகி கொஞ்சம் ஒதுங்கிப் பார்த்தார். முடியவில்லை. ஓய்வு ஓய்வு என்று அவர் அறிவிப்பதும் திரும்பி வருவதும் நம்ம அரசியல்வாதிகளுக்கே சவால். 2013-ல் பத்திரிகையாளர்களைக் கூட்டி இந்தத் தடவை நிஜம் என்றார். நாலு வருஷத்துக்குள் புதுப் படத்துக்கு ஆள் எடுத்தார்கள்.

போட்டோ விஷயத்தில் ஒரு திருத்தம். கிப்லி போட்டோவைப் பார்த்து மியசாகி கோபப்பட்டார் என்று ஒரு வீடியோ சுற்றியதே, அது 2016-ல் ஒரு ஆவணப்படத்துக்காக எடுத்தது. அவருக்குக் காட்டப்பட்டது, கம்ப்யூட்டர் தானாகக் கற்றுக்கொண்டு நகர்த்திய ஒரு உருவம். தலையைக் காலாக வைத்து நெளிந்து நெளிந்து போகும். ஜோம்பி விளையாட்டுக்கு உதவும் என்றார்கள். அவருக்குத் தெரிந்த ஒரு நண்பருக்கு உடல் ஊனம், கையைத் தூக்கித் தட்டுவதற்கே சிரமப்படுவார். அவரை நினைத்துத்தான் இது உயிருக்கே அவமானம் என்றார். அவர் பேசியது ஸ்டைலைத் திருடுவது பற்றி இல்லை. ஒரு உடம்பு நகர்வதன் வலியைத் தெரியாமல் நகர்த்துகிறீர்களே என்பது பற்றி. என் குடம் நினைவுக்கு வந்தது.

நம் ஊரில் இப்படி ஒருவர் உண்டா என்று மகள் கேட்டால் ராம் மோகன் பெயரைச் சொல்லுங்கள். 1931-ல் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம். 1956-ல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸிடம் தொழில் கற்றார். ஜப்பானின் யூகோ சாகோவோடு சேர்ந்து அவர் இயக்கிய 'ராமாயணம்' 1992-ல் முடிந்தது. 2025 ஜனவரியில்தான் நம் தியேட்டர்களுக்குத் தமிழிலும் முறையாக வந்தது. 2014-ல் பத்மஸ்ரீ, 2019-ல் காலமானார். அவருக்கு இங்கே ஒரு தோயே கிடைக்கவில்லை. நூறு பேர் ஒரே கூரைக்குக் கீழ் பத்து வருஷம் சொந்தக் கதையை வரைகிற தொழிற்சாலை இங்கே அமையவே இல்லை. எங்கள் தலைமுறை கெட்டிக்கார இன்பிட்வீனர்கள் கேம் கம்பெனிக்கும் வி.எஃப்.எக்ஸுக்கும் போனார்கள், சிலர் ஆட்டோ ஓட்டுகிறார்கள். நான் இருந்த ஒரு இடத்தில் கடைசி ரெண்டு மாசச் சம்பளம் இன்னும் வரவில்லை, இனி வராது.

ஆகவே நடைமுறைக்கு வருகிறேன். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் அனிமேஷன் பட்டப் படிப்பு இருக்கிறது. பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, நம்மிடமிருந்து ஒரு பஸ். ரெண்டுக்கும் விண்ணப்பம் போடட்டும். சேர்க்கை விதிகளை நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கி ஆறே மாதத்தில் டைரக்டர் ஆக்குகிறோம் என்கிற பலகைகளைத் தாண்டி நடக்கட்டும். கிடைக்காவிட்டால் பி.காம் சேரட்டும், தப்பே இல்லை. மியசாகி என்ன படித்தார் என்று சொன்னேனே. ஆனால் தினம் வரைய வேண்டும். முகம் வேண்டாம், பெரிய கண்ணு வேண்டாம். காசிமேட்டுக்கு விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போங்கள். ஐஸ் பெட்டியை ரெண்டு பேர் தூக்குகிறார்களே, அதில் முதலில் யாருடைய தோள் இறங்குகிறது என்று பார்த்து ஐந்து படம் போடட்டும். புரட்டினால் பெட்டிக்குள் ஐஸ் இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியும்.

இனி லைட் பாக்ஸ். வாங்காதீர்கள். பழைய சாமி படத்துச் சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றுங்கள், ஏ4 தாளை விடப் பெரிதாக இருந்தால் போதும். ரெண்டு பக்கமும் நாலு நாலு புத்தகம் அடுக்கி அதன் மேல் வையுங்கள், அடியில் ஒரு சின்ன எல்.இ.டி. டியூப். வெளிச்சம் கண்ணைக் குத்தினால் கண்ணாடிக்கு அடியில் டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள். தாள் நகராமல் இருக்க, பைலுக்கு ஓட்டை போடும் சாதாரண பஞ்சிங் மெஷினில் எல்லாத் தாளுக்கும் ஒரே இடத்தில் ரெண்டு ஓட்டை. ஒரு மர ஸ்கேலில் அதே இடைவெளியில் ரெண்டு மரக்குச்சியை ஒட்டி, அதைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் டேப் போட்டுவிட்டால், தாளைப் பிடித்து நிறுத்தும் 'பெக் பார்' தயார். இருநூறு ரூபாய்க்குள் முடியும். கண்ணாடியின் விளிம்பை மட்டும் மறக்காமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள், மணிக்கட்டு அங்கேதான் உரசும்.